ஒரு பிடி ஜவ்வரிசி

ஆடி பிறந்துவிட்டால் சேலத்துக்குத் தனிக் களை வந்துவிடும். கோட்டை மாரியம்மன் கோவிலில் மட்டுமா? குகை, அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை என்று ஊரின் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு மாரியம்மன். ஒவ்வொரு அம்மனுக்கும் ஒரு பண்டிகை. அப்படி ஓர் ஆடியில் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் வேப்பிலைத் தோரணம். அடுப்படியில் பாயசம் கொதிக்கிற வாசனை. அப்போதுதான் நாத்தனாரின் கடைக்குட்டி, எட்டு வயதுப் பெண், பாத்திரத்தை எட்டிப் பார்த்து ஒரு கேள்வி போட்டாள்.

"அத்தே, அரிசி நெல்லுலே காய்க்கும். ஜவ்வரிசி எந்தச் செடியிலே காய்க்கும்?"

நான் என் நாத்தனாரைப் பார்த்தேன். அவள் தன் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் கரண்டியைப் பார்த்தார். "கடையிலே காய்க்கும், போய் விளையாடு, கண்ணு!" என்று சொல்லிக் குழந்தையை அனுப்பிவிட்டார்கள்.

குழந்தை போய்விட்டாள், கேள்வி போகவில்லை. எத்தனை வருஷமாகப் பாயசம் வைக்கிறோம்! எத்தனை கோடையில் வடாம் பிழிந்திருக்கிறோம்! பருத்திப் புடவைக்கு ஜவ்வரிசிக் கஞ்சி போட்டு, மொடமொடவென்று கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போயிருக்கிறோம். ஆனால் அந்த வெள்ளை மணி எங்கிருந்து வருகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அன்று பிற்பகலே விசாரிக்கப் புறப்பட்டேன். கடைசியில் அந்த ஒரு பிடி ஜவ்வரிசிக்குள் பிரேஸில் நாட்டுக் காடும், திருவிதாங்கூர் அரண்மனையும், ஒரு மகா யுத்தமும், நம் தேசத்தின் பாதி விரத நாட்களும் அடங்கியிருக்கக் கண்டேன். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

செவ்வாய்க்கிழமைச் சந்தை

முதலில் இருந்த இடத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். செவ்வாய்ப்பேட்டை என்ற பெயரே அதன் சரித்திரத்தைச் சொல்லிவிடுகிறது. செவ்வாய்க்கிழமை தோறும் சந்தை கூடிய பேட்டை அது. இன்றைக்கு அங்கே வாரத்தில் எல்லா நாளும் சந்தைதான். லீ பஜார் பக்கம் போனால் மூட்டைகளுக்கு நடுவே மனிதர் நடக்க வழி தேட வேண்டும். அரிசி, பருப்பு, வெல்லம், எண்ணெய், மஞ்சள் எல்லாம் மொத்த வியாபாரம். சந்துகளுக்குள் புகுந்தால் வெள்ளிக் கொலுசு செய்யும் பட்டறைகளின் சத்தம் கேட்கும். பக்கத்திலேயே 'சேலம் மார்க்கெட்' என்று பெயர் எழுதிய சிறிய ரயில்வே ஸ்டேஷன். அந்தப் பாதையில் கிழக்கே போனால் ஆத்தூர், சின்னசேலம், விருத்தாசலம்.

சேலம் நகரம் ஒரு தாம்பாளத்தின் நடுவில் வைத்தது போல இருக்கிறது. வடக்கே நகரமலையும் அதற்குப் பின்னால் சேர்வராயன் மலையும், தெற்கே ஜருகுமலை, மேற்கே இரும்புக் கல்லுக்குப் பேர் போன கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. நடுவே திருமணிமுத்தாறு. மலைகள் சூழ்ந்திருந்தும் மழை தாராளமில்லை. கேரளத்தில் சாதாரணமாக ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை என்றால், இங்கே 1,000 மில்லிமீட்டர் வந்தாலே நல்ல வருஷம். செம்மண்ணும் சரளை மண்ணும் அதிகம். காவிரிப் பாசனம் கிடைக்கிற சில பகுதிகளை விட்டால் மற்றவர்களுக்குக் கிணறுதான் கதி.

இப்படிப்பட்ட நிலத்துக்குத் தண்ணீரை அதட்டிக் கேட்காத பயிர் ஒன்று வேண்டியிருந்தது. அது வந்து சேர்ந்தது. ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி, ராசிபுரம், சேந்தமங்கலம், நாமக்கல், தர்மபுரிப் பக்கம் என்று எங்கே போனாலும் ஆள் உயரத்துக்கு மெல்லிய தண்டும், விரல் விரித்த கை போன்ற இலையுமாக நிற்கிற செடிதான் அது. புத்தகத்தில் அதற்கு மரவள்ளி என்று பெயர். இந்தப் பக்கத்தில் குச்சிக் கிழங்கு என்பார்கள். விதை போட வேண்டாம். தண்டைச் சாண் சாணாக நறுக்கி நட்டால் முளைத்துவிடும். அதனால்தான் 'குச்சி'. கன்னியாகுமரிப் பக்கத்தில் அதுவே மரச்சீனி, கேரளத்தில் கப்பை.

ஆக, குழந்தையின் கேள்விக்கு விடை இதுதான். ஜவ்வரிசி எந்தச் செடியிலும் காய்ப்பதில்லை. மண்ணுக்கு அடியில் விளைந்த கிழங்கின் பாலை உறைய வைத்து, மனிதக் கை உருட்டிய மணி அது.

மணி என்ற பெண் குழந்தை

இந்தக் கிழங்கு நம் ஊர்ப் பிரஜை அல்ல. இதன் பிறந்தகம் தென் அமெரிக்கா. அதிலும் பிரேஸில் நாட்டு அமேஸான் காடுகளின் தென் பகுதி. அங்கே வாழ்ந்த ஆதிக்குடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பயிரிட்டுப் பழக்கினார்கள்.

அவர்களுக்குள் டூப்பி இனத்தார் ஒரு கதை சொல்வதுண்டு. ஒரு தலைவனின் மகளுக்கு வெள்ளை வெளேரென்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. மணி என்று பெயர். ஊரெல்லாம் கொஞ்சிய அந்தக் குழந்தை நோய் நொடி எதுவும் இல்லாமல் ஒரு நாள் கண்ணை மூடிவிட்டது. தாய்க்குப் பிரிய மனமில்லை. வீட்டுக்குள்ளேயே புதைத்துத் தினந்தோறும் தண்ணீர் விட்டு வந்தாள். அந்த இடத்தில் யாரும் அதுவரை காணாத ஒரு செடி முளைத்தது. தோண்டிப் பார்த்தால் குழந்தையின் மேனி போல வெள்ளையான கிழங்கு! 'மணியின் வீடு' என்ற பொருளில் அதற்கு 'மணியோக்' என்று பெயர் வைத்தார்களாம். இன்றும் ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் மரவள்ளிக்கு அதுவே பெயர். மரப்பிள்ளை போனாலும் மண் பிள்ளை கொடுத்தது என்று எந்த ஊர்த் தாயும் ஆறுதல் தேடிக்கொள்வாள் போலிருக்கிறது.

அந்தப் பெண்கள் கைகாரிகள். கசப்பு மரவள்ளியில் விஷம் உண்டு. பச்சையாகத் தின்றால் உயிருக்கே ஆபத்து. அவர்கள் என்ன செய்தார்கள்? கிழங்கைத் துருவினார்கள். ஓலையால் பின்னிய நீண்ட குழாய் போன்ற பையில் அடைத்து, இழுத்துப் பிழிந்து, விஷச் சாற்றை வெளியேற்றினார்கள். சாற்றின் அடியில் தங்கிய வெள்ளை மாவைத் தனியே எடுத்தார்கள். அந்த மாவுக்கு அவர்கள் இட்ட பெயரிலிருந்துதான் 'டாப்பியோக்கா' என்ற சொல் உலகமெல்லாம் பரவிற்று. ரசாயனப் படிப்பு எதுவும் இல்லாத அடுப்படி ஞானம்!

நம் ஊரில் வீட்டுக்கு வாங்கிச் சமைப்பது பெரும்பாலும் விஷம் குறைந்த ரகமே. ஆனாலும் தோலைச் சீவி, நன்றாக வேக வைத்து, வெந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்று நம் பாட்டிமார் சொன்னது வெறும் பழக்கமல்ல. அதில் காரணம் இருக்கிறது.

கப்பல் ஏறி வந்த கிழங்கு

1500-ல் போர்த்துகீசியர் பிரேஸில் கரையில் இறங்கினார்கள். கெடாமல் வைத்திருக்கக் கூடிய மரவள்ளி மாவு அவர்களுக்குப் பிடித்துப் போயிற்று. கப்பலில் ஏற்றி ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு போனார்கள். 17-ஆம் நூற்றாண்டில் அது கேரளக் கரைக்கு வந்து சேர்ந்தது. மிளகாய், முந்திரி, அன்னாசி எல்லாம் இப்படிப் போர்த்துகீசியர் கைப்பட வந்தவைதாம். மிளகாய் இல்லாத நம் சமையலை நினைத்துப் பாருங்கள்!

ஆனால் மரவள்ளியை ஜனங்கள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. மண்ணுக்கடியில் விளைகிற, விஷம் என்று பேர் எடுத்த பொருளை யார் தின்பார்கள்? 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா மகாராஜா செடி கொடிகளில் ஆர்வம் மிக்கவர். அரிசி போதாத தன் நாட்டுக்கு இந்தக் கிழங்கே துணை என்று கண்டு அதைப் பரப்புவதில் முனைந்தார். ஜனங்களின் பயத்தைப் போக்க, கிழங்கைச் சமைக்கச் செய்து தாமே உண்டு காட்டினார் என்று ஒரு கதை வழங்குகிறது. மகாராஜாவே உண்ட பிறகு மற்றவர்களுக்கு என்ன தயக்கம்? கப்பையும் மீனும் மலையாளத்து ஏழை வீட்டின் ஆகாரமாயின.

இது இப்படி இருக்க, ஜவ்வரிசி மட்டும் வேறு திசையிலிருந்து வந்துகொண்டிருந்தது. மலேயா, இந்தோனேஷியத் தீவுகளில் சதுப்பு நிலத்தில் ஒரு வகைப் பனை வளர்கிறது. பூக்கும் சமயத்தில் மரத்தை வெட்டி, நடுத்தண்டைப் பிளந்தால் உள்ளே மாவு இருக்கும். மலாய் மொழியில் அதற்கு 'சாகு' என்று பெயர். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பக்கம் சென்ற மார்க்கோ போலோ, மரத்திலிருந்து மாவெடுத்து ரொட்டி செய்கிறார்கள் என்று ஆச்சரியப்பட்டு எழுதியிருக்கிறார். பின்னால் அந்தப் பனைமாவையும், ஜாவாவில் ஏராளமாகப் பயிரான மரவள்ளியின் மாவையும் மணி மணியாக உருட்டிக் கப்பலில் அனுப்பினார்கள். ஆங்கிலத்தில் 'சேகோ'; இந்தியில் 'சாபூதானா'. ஜாவாவிலிருந்து வந்த அரிசி என்பதால் ஜவ்வரிசி என்று நம் பெரியவர்கள் பொருள் சொல்வதுண்டு.

யுத்தம் தந்த தொழில்

1941 டிசம்பரில் ஜப்பான் யுத்தத்தில் குதித்தது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூனும் ஜாவாவும் போயின. அங்கிருந்து வந்த ஜவ்வரிசி நின்றது. அமெரிக்காவிலிருந்து வந்த மக்காச்சோள மாவும் அருமையாயிற்று. துணி ஆலைகளுக்கு நூலுக்குக் கஞ்சி போட மாவு வேண்டும். காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைக்க ஜவ்வரிசி வேண்டும். எங்கே போவது?

இந்தத் தொழிலின் வரலாற்றைச் சொல்பவர்கள் இரண்டு பெயர்களைச் சொல்வார்கள். ஒருவர் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார். வியாபார நிமித்தம் கேரளத்துக்குப் போய் வந்தவர். மற்றவர் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷா. மரவள்ளி மாவெடுக்கும் முறை தெரிந்தவர். ஒருவருக்குச் சந்தை தெரியும். மற்றவருக்கு வித்தை தெரியும். 1943-44-ல் சேலத்தில் குடிசைத் தொழிலாக ஜவ்வரிசி பிறந்தது. கிழங்கை இடித்து, கரைத்து, துணியில் வடிகட்டி, பாலைத் தெளிய வைத்து, அடியில் தங்கிய ஈர மாவைத் துணித் தூளியில் போட்டு இரண்டு பேர் இரு முனையும் பிடித்துக் குலுக்குவார்கள். தொட்டில் ஆட ஆட மாவு மணியாகத் திரளும். அப்படித் திரண்டதைச் சட்டியில் வறுத்து வெயிலில் காய வைத்தார்கள்.

ஆனால் காலம் பொல்லாத காலம். பர்மா அரிசி வருவது நின்று போயிருந்தது. 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் பசியால் மடிந்தார்கள். சேலத்திலும் தட்டுப்பாடு. ஏழைகள் கிழங்கை வேக வைத்துத் தின்று காலம் தள்ளினார்கள். அப்படியிருக்க, கிழங்கை ஆலைக்கு அனுப்பி மாவாக்குவது நியாயமா? 1944-ல் ஜில்லா நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டது: மரவள்ளியை உணவாகத்தான் பயன்படுத்த வேண்டும், ஜவ்வரிசியும் மாவும் செய்யக் கூடாது. பிறந்த குழந்தையின் வாயில் துணியை அடைத்த மாதிரி தொழில் திணறிற்று. உற்பத்தியாளர்கள் ஒன்று சேர்ந்து சர்க்காரிடம் முறையிட்டார்கள். பிறகு தடை நீங்கியது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று இன்றைக்குத் தீர்ப்புச் சொல்வது எளிதல்ல. பசித்தவன் வயிற்றுக்கு இல்லாமல் புடவைக்குக் கஞ்சியா என்றால், அதுவும் கேட்க வேண்டிய கேள்விதான். தொழிலும் கூலியும் இல்லாவிட்டால் நாளைக்கு அந்த வயிறு எப்படி நிரம்பும் என்றால், அதுவும் கேள்விதான். நம் தேசம் விடுதலைக்கு முன்னும் பின்னும் பல துறைகளில் இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவேதான் வழி தேடி வந்திருக்கிறது.

கிழங்கு மணியாகிற விதம்

ஆத்தூர்ச் சாலையில் ஓர் ஆலைக்குள் போய்ப் பார்த்தேன். லாரியிலிருந்து கிழங்கு மலை போலக் கொட்டிக் கிடக்கிறது. கழுவித் தோலை நீக்குகிறார்கள். முன்பெல்லாம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கத்தியால் தோலைச் சீவுவார்கள். இப்போது பல ஆலைகளில் இயந்திரம். பிறகு இயந்திரம் கிழங்கைத் தண்ணீரோடு அரைக்கிறது. சல்லடைகளில் பால் வடிந்து தொட்டிகளுக்குப் போகிறது. மேலே நின்ற சக்கைக்குத் 'திப்பி' என்று பெயர். அது மாட்டுத் தீவனமாகப் போய்விடும். தொட்டியில் சில மணி நேரத்தில் மாவு கெட்டியாக அடியில் படிந்துவிடுகிறது. அதை வெட்டி எடுத்து, உதிர்த்து, குலுக்கும் இயந்திரத்தில் போட்டால் முத்து முத்தாக உருளுகிறது. தூளிக்குப் பதில் இயந்திரம். மற்றபடி அதே வித்தைதான்.

இதற்குப் பிறகுதான் இரண்டு ரகமாகப் பிரிகிறது. சூடான தட்டில் வறுத்தெடுப்பது மாவு ஜவ்வரிசி. வெள்ளையாக இருக்கும், உப்புமாவுக்கும் கிச்சடிக்கும் ஏற்றது. ஆவியில் வேக வைத்து உலர்த்துவது நைலான் ஜவ்வரிசி; கண்ணாடி போல இருக்கும், பாயசத்துக்கும் வடாத்துக்கும் கைகொடுக்கும். ரகம் மாற்றி வாங்கிவிட்டு, "உப்புமா களியாகிவிட்டதே!" என்று அடுப்பைக் கோபிப்பதில் பயனில்லை.

கடைசியில் பரந்த சிமெண்டுக் களத்தில் வெயில் காய்கிறது. நாலைந்து கிலோ கிழங்கு சேர்ந்தால்தான் ஒரு கிலோ ஜவ்வரிசி. இந்த வேலை முழுவதற்கும் ஏராளமான தண்ணீர் வேண்டும். அந்தக் கழிவு நீர் வாய்க்காலில் கலந்து நாற்றமும் கெடுதலும் செய்வதாகச் சுற்றுப்புற ஊரார் வெகு காலம் குறைப்பட்டார்கள். இப்போது பல ஆலைகள் அந்தக் கழிவிலிருந்தே எரிவாயு எடுத்து எந்திரம் ஓட்டிக்கொள்கின்றன. எல்லா ஆலையும் அப்படிச் செய்துவிட்டால் வாய்க்கால்கள் வாழ்த்தும்.

மண்ணில் இருக்கும் வரை மகாராணி

ஆலை வாசலில் லாரிக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி வீட்டு அம்மாள் நின்றிருந்தார். இரண்டு ஏக்கர் கிழங்கு போட்டவராம். "விளைச்சல் எப்படிங்க?" என்று கேட்டேன்.

"வெளைச்சலுக்கு என்னங்க கொறை? மண்ணுக்குள்ளே இருக்கற வரைக்கும் அவ மகாராணிங்க. வெளியிலே எடுத்துட்டா பச்சை உடம்புக்காரிங்க. ரெண்டு நாளு தாங்க மாட்டா. வந்த வெலைக்குக் குடுத்துட்டுத்தானுங்க போவோணும்" என்றார்.

அந்த அம்மாள் சொன்னதில் இந்தத் தொழிலின் முழு வேதனையும் அடக்கம். நெல்லைக் குதிரில் போட்டு வைக்கலாம். மஞ்சளைக் கிடங்கில் வைத்து விலை ஏறும் வரை காத்திருக்கலாம். மரவள்ளியைப் பறித்த இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுத்துவிடும். மாவுச் சத்து எவ்வளவு என்று அளந்து 'பாயின்ட்' கணக்கில்தான் விலை. அளப்பதும் ஆலை, வாங்குவதும் ஆலை. ஓராண்டு நல்ல விலை என்று எல்லோரும் கிழங்கு போட்டால், அடுத்த ஆண்டு விலை சரிந்து கண்ணீர். எட்டு முதல் பத்து மாதம் வளர்த்த பயிர் இரண்டு நாள் பேரத்தில் நிற்கிறது!

ஆலைக்காரர்களுக்கும் ஒரு காலத்தில் இதே போல ஒரு துன்பம் இருந்தது. சரக்கை வைக்கக் கிடங்கில்லை, கைமுதலுக்குப் பணமில்லை, வியாபாரிகள் சொன்னதே விலை. அதற்காக 1981-ல் சேலத்தில் உற்பத்தியாளர்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 'சேகோசர்வ்' என்று எல்லோரும் அழைக்கும் சங்கம் அதுதான். கிடங்கு, முன்பணம், ஏல விற்பனை என்று அது வழி செய்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பிரேஸிலில் பிறந்து, ஜாவா பேரைச் சுமந்த பொருளுக்குச் சேலத்தின் பேரில் சட்டப்படி பட்டயம்! ஆலைக்காரருக்குக் கிடைத்த அந்தக் கூட்டு பலம், களத்தில் நிற்கும் அந்த அம்மாளுக்கும் கிடைக்கும் நாள்தான் உண்மையான விசேஷ நாள்.

குளவி செய்த உபகாரம்

விலை ஒரு பக்கம் என்றால் பூச்சி மறுபக்கம். வெள்ளை ஈ பரப்புகிற தேமல் நோய் பழைய எதிரி. 2020-ல் புது எதிரி ஒன்று வந்தது: மரவள்ளி மாவுப்பூச்சி. கேரளத்தில் தென்பட்டு, சேலம், நாமக்கல் வயல்களில் புகுந்து, செடிகளின் குருத்தைச் சுருட்டிவிட்டது.

இந்தப் பூச்சிக்கும் ஊர் தென் அமெரிக்காவே. 1970-களில் இது ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, மரவள்ளியையே நம்பிய கோடிக்கணக்கான ஜனங்களின் வயிற்றில் அடித்தது. அப்போது ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்ஸர்லாந்து விஞ்ஞானி, பிறந்த ஊரில் இந்தப் பூச்சியை அடக்கி வைப்பது எது என்று யோசித்தார். 1981-ல் பராகுவே நாட்டில் பூச்சியும், அதன் உடலில் முட்டையிட்டு அதை அழிக்கும் ஒரு நுண்ணிய குளவியும் அகப்பட்டன. ஆப்பிரிக்கா முழுவதும் அந்தக் குளவியை வளர்த்து விட்டார்கள். பயிர் பிழைத்தது. 1995-ல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

அதே குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து நம் விஞ்ஞானிகள் வரவழைத்து, பரிசோதித்து, பெருக்கி, 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வெளியில் விட்டார்கள். கடுகை விடச் சிறிய பிராணி! பராகுவேயில் பிறந்து, பெனினில் வளர்ந்து, ஏத்தாப்பூரில் குடியேறியது. சேலத்துச் செம்மண்ணுக்கு உலகமெல்லாம் உறவு இருக்கிறது பாருங்கள்.

உறவு மட்டுமல்ல, பெருமையும் உண்டு. உலகத்தில் அதிகமாக மரவள்ளி விளைவிப்பது நைஜீரியா. ஆனால் ஒரு ஹெக்டேருக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் இந்தியாதான் முன் வரிசையில் நிற்கிறது. உலகச் சராசரி பத்துப் பன்னிரண்டு டன் என்றால் நம் சராசரி முப்பது டன்னுக்கு மேல். 1963-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்களும், நம் உழவர்கள் கிணற்று நீரைச் சொட்டுச் சொட்டாகப் பார்த்துப் பாய்ச்சிய உழைப்பும் இதற்குக் காரணம்.

சேலத்துச் சரக்கு, தேசத்து விரதம்

இவ்வளவு ஜவ்வரிசியை யார் சாப்பிடுகிறார்கள்? நாம் வருஷத்துக்கு நாலு பாயசமும் கோடையில் வடாமும் போட்டு எவ்வளவு தீர்த்துவிடப் போகிறோம்! சேலத்து ஜவ்வரிசியில் பெரும் பகுதி வடக்கே ரயிலிலும் லாரியிலும் போய்விடுகிறது.

மகாராஷ்டிரத்தில் ஏகாதசி, சிவராத்திரி, நவராத்திரி என்றால் வீட்டுக்கு வீடு சாபூதானா கிச்சடி. ஊற வைத்த ஜவ்வரிசியில் வேர்க்கடலைப் பொடி, பச்சை மிளகாய், சீரகம், உருளைக்கிழங்கு சேர்த்து நெய்யில் புரட்டுவார்கள். விரத நாளில் தானியம் தொடக் கூடாது. இதுவோ கிழங்கு, தானியமல்ல. ஆகவே விலக்கு! குஜராத், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசத்திலும் இப்படியே. வங்காளத்தில் 'சாபு' என்றால் காய்ச்சல்காரருக்கும் உபவாசம் இருப்பவருக்கும் உரிய ஆகாரம். வேர்க்கடலையும், மிளகாயும், உருளைக்கிழங்கும்கூட மரவள்ளியைப் போலவே அமெரிக்கக் கண்டங்கள் தந்த பொருள்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் பாரத தேசத்தில் பெயர்கூடத் தெரியாத பண்டங்களைக் கொண்டு நம் பெண்கள் ஆசாரமான விரதச் சமையலையே அமைத்துக்கொண்டார்கள்! வந்ததைத் தன்னதாக்கிக் கொள்ளும் சாமர்த்தியம் நம் அடுப்படிக்கு உண்டு.

ஒரு விஷயம் மட்டும் நினைவிருக்கட்டும். ஜவ்வரிசி பெரும்பாலும் மாவுச் சத்துதான். உடம்பு வளர்க்கும் புரதம் அதில் மிகமிகக் குறைவு. நோயாளிக்கு லேசான கஞ்சியாகக் கொடுக்கலாம். வளரும் குழந்தைக்கு அதையே ஆகாரமாக்கிவிடக் கூடாது. பாலோ பருப்போ சேர வேண்டும். கப்பையோடு மீன் சேர்த்த மலையாளத்துப் பெண்ணும், கிச்சடியில் வேர்க்கடலை சேர்த்த மராத்தியப் பெண்ணும் இதைப் படிக்காமலே அறிந்தவர்கள்.

வெளுத்ததெல்லாம் நல்லதா?

மாலையில் நாத்தனாரோடு செவ்வாய்ப்பேட்டைக் கடை ஒன்றுக்குப் போனேன். "வாங்கம்மா! எந்த ரகம் வேணுமுங்க?" என்று கடைக்காரர் இரண்டு தட்டுகளை நீட்டினார். ஒன்று சுண்ணாம்பு போலப் பளீரென்ற வெள்ளை. மற்றொன்று சற்று மங்கல், பழைய முத்துப் போல. நாத்தனாரின் கை தானாகப் பளீர் வெள்ளைக்குப் போயிற்று.

கடைக்காரர் சிரித்தார். "எல்லாரும் இதைத்தான் எடுக்கறாங்க. கிழங்கு மாவோட நெசமான நெறம் அந்த மங்கல்தானுங்க."

அவர் சொன்னது பெரிய விஷயம். வெள்ளை வேண்டும் என்று நாமும், வடக்கே வாங்குகிறவர்களும் கேட்கக் கேட்க, சில ஆலைகள் ரசாயனம் போட்டு வெளுக்கத் துணிந்தன. மலிவான மக்காச்சோள மாவைக் கலப்பதும் நடந்தது. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஆலைகளில் சோதனை செய்து நடவடிக்கை எடுத்திருக்கிறார்கள். கலப்படம் நடந்தால் நஷ்டம் நம் வயிற்றுக்கு மட்டுமா? மக்காச்சோளம் கலக்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் அந்த விவசாயி அம்மாளின் கிழங்கு ஒரு பங்கு விலை போகாமல் நிற்கும். அதிகாரிகள் ஆலை வாசலில் நிறுத்தப் பார்க்கிற தவற்றை, நாம் கடை வாசலிலேயே நிறுத்தலாம். மங்கலானதைக் கேட்டு வாங்குகிறவர்கள் அதிகமானால், வெளுக்கிற செலவை எந்த ஆலை செய்யும்?

என் நாத்தனார் கொஞ்சம் யோசித்தாள். பிறகு பளீர் வெள்ளைத் தட்டை நகர்த்திவிட்டு, "அதுலேயே ஒரு கிலோ போடுங்க" என்றாள்.

இரவு, பாயசக் கிண்ணத்தோடு கடைக்குட்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கேள்விக்குப் பதில் சொன்னேன். மணி என்ற குழந்தையின் கதையை மட்டும் இரண்டு தரம் சொல்லச் சொன்னாள். பிறகு பள்ளிக்கூட உலகப் படத்தை எடுத்து வந்து பிரேஸிலைத் தேடிப் பிடித்தாள். அங்கே ஒரு விரலும் சேலத்தில் ஒரு விரலும் வைத்துப் பார்த்தாள்.

"அவ்வளவு தூரத்துலேருந்தா வந்துச்சு, அத்தே?" என்றாள்.

"ஆமாம், கண்ணு."

"அப்படீன்னா வீணாக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்த கடைசி மணியையும் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள்.